ஒரே கம்பத்தில் இரண்டு லைன்

எழுபதுகளின் பிற்பகுதியில் மூன்று வருடத்துக்கு மேல் நான் ஜவ்வாது மலையில் ஒரு சின்னத் தபாலாபீசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஓடு போட்ட இரண்டு அறைகள். முன்னறை ஆபீஸ், பின்னறையில் என் கட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்பும். ஆபீஸ் சுவரில் கைப்பிடி சுற்றும் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்து மலை ஊர்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். தந்தி வந்தாலும் அதன் வழியாகத்தான் வரும். போளூர் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மாள் வாசிப்பார், நான் கேட்டு எழுதி, உரியவரிடம் ஆள் அனுப்புவேன்.

போளூரிலிருந்து அந்த லைன் வயல் வழியாக வந்து, அடிவாரத்தில் காட்டுக்குள் நுழைந்து, இரும்புக் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு மலை ஏறும். ஒரு மூங்கில் சாய்ந்தால் போதும், நின்றுவிடும். குரங்கு தொங்கினாலும் நிற்கும். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். எங்காவது கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் கைப்பிடி கனக்கும். அறுந்துபோயிருந்தால் காற்றைச் சுற்றுவது போல லேசாகச் சுற்றும். அந்த லேசுதான் எனக்குப் பிடிக்காது.

தினமும் காலை எட்டு மணிக்கு லைன் சரியாக இருக்கிறதா என்று போளூரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "இன்னா சார், மலையில மழையா?" என்பார் அந்த அம்மாள். நான் மழை என்பேன், அல்லது பனி என்பேன். கீழே வெயில் கொளுத்துகிறது என்பார். அரை நிமிடம் இருக்கும். சில நாட்களில் அதுதான் நான் ஒருவரோடு பேசிய முழுப் பேச்சு. மலைக்காரர்கள் மரியாதையானவர்கள். மணியார்டர் வந்தால் வருவார்கள், கைநாட்டு வைப்பார்கள், போய்விடுவார்கள். புளி சீசனில் கீழிருந்து வியாபாரிகள் வந்தால் நாலு வார்த்தை கூடுதலாக விழும். மற்ற நேரத்தில் நான் தராசின் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

முதல் மழைக்காலத்தில் இரண்டு குக்கிராமங்களில் வாந்திபேதி பரவியது. அப்போது பார்த்து லைன் அறுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பஸ்ஸும் இல்லை. மூங்கில் ஏற்ற வந்த ஒரு லாரிக்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர் கீழே இறங்கிச் சொல்லி, டாக்டர் மேலே வருவதற்குள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கு முந்தின வாரம்தான் நான் மணியார்டர் கொடுத்திருந்தேன். அன்று உட்கார்ந்து மேலிடத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன், மலைக்கு இன்னொரு லைன் வேண்டும் என்று. பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஆனால் எட்டு மாதத்தில் லைனே வந்துவிட்டது.

அதை இழுத்தவர்களில் எங்கள் லைன்மேனும் ஒருவர். படவேட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், அடிவாரம் வரை சைக்கிளில் வந்து அங்கிருந்து நடந்து ஏறுவார். வேலை முடிந்த அன்று ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு மாட்டயும் ஒரே முளையில கட்டியிருக்காங்க சார். முளை புடுங்கிகினா ரெண்டும்தான் ஓடும்."

புது லைனையும் பழைய கம்பங்களிலேயே கட்டியிருந்தார்கள். புதுக் கம்பம் நட, புது வழியில் காடு வெட்ட, அனுமதியும் ஆளும் வேண்டும். இது சுலபம். நான் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் இரண்டாவது தொலைபேசி புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கேட்டு வந்த லைன் அது. அந்த வயதில் அது பெரிய விஷயம்.

அவர் சொன்னது பொய்யாகும்படிதான் ஒரு வருடம் போயிற்று. மூங்கில் சாய்ந்து பழைய லைன் நின்றால் புதியது பேசியது. புதியதில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தால் பழையது பேசியது. எட்டு மணிப் பேச்சு ஒரு நாளும் தவறவில்லை. எங்கள் லைன் இப்போது போளூர் டவுன் லைனைவிட நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாளே ஒரு நாள் சொன்னார். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அடுத்த ஐப்பசியில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது, தீபாவளிக்கு லீவு போட்டு ஒரு வாரம் முன்னாலேயே வந்து இரு என்று எழுதியிருந்தாள். லீவு கிடைத்திருக்கும். ஆனால் ஊருக்குப் போனால் பெண் பார்க்கும் பேச்சு வரும், நாலு வீட்டுக்கு நடக்க வேண்டும், மலையில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தனியாக இருந்து இருந்து எனக்குக் கூட்டத்தைக் கண்டால் கூச்சம் வந்திருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அவசரம் என்றால் தந்தி கொடு, இப்போது இங்கே இரண்டு லைன் இருக்கிறது, ஒன்று போனாலும் ஒன்று இருக்கும், செய்தி எப்படியும் வந்துவிடும் என்றும் எழுதினேன். எழுதும்போது அதை நான் நம்பினேன். சாக்காகவும் வைத்துக்கொண்டேன். இரண்டும் உண்மை.

அந்த வாரமே மழை பிடித்தது. ஒரு காலை எட்டு மணிக்குப் பழைய தொலைபேசியைச் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. புதியதைச் சுற்றினேன். அதுவும் லேசு. திரும்பப் பழையது, திரும்பப் புதியது. பிறகுதான் தெரிந்தது, பாதி மலையில் ஒரு பெரிய வேங்கை மரம் வேரோடு சாய்ந்து இரண்டு கம்பங்களை மண்ணோடு பெயர்த்திருந்தது. அன்று எனக்கு அது தெரியாது. ஓடை பெருகி ரோடு அறுந்து பஸ்ஸும் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

நாலு நாள். மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. தபால் பை இல்லாததால் வேலையும் இல்லை. மணிக்கொரு தரம் இரண்டு கைப்பிடியையும் சுற்றுவேன். இரண்டு லைன் இருந்து இரண்டும் செத்திருப்பது, ஒன்று மட்டும் இருந்து செத்ததைவிட மோசமாக இருந்தது. அப்போதெல்லாம் என்னைக் கைவிட்டது லைன். இப்போது அந்த லைனை நம்பி அக்காவுக்குக் கடிதம் எழுதியிருந்தவன் நான்.

நாலாம் நாள் மத்தியானம் ஃபாரஸ்டர் வந்தார். தலையில் கோணியை மடித்துப் போட்டிருந்தார். வன இலாகா ஆபீஸ் என் ஆபீசிலிருந்து அரை மைல். அவரும் என்னைப் போலக் குடும்பம் இல்லாமல் தனியாக இருந்தவர்தான், மனைவி மக்கள் எல்லாம் கீழே வாணியம்பாடியில். அவர் வேறு இலாகா, நான் வேறு இலாகா. இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தும் நாங்கள் நாலு தடவை பேசியிருந்தால் அதிகம். வந்தவர் உட்காரவில்லை.

"உங்க வூட்ல யாருக்கோ ரொம்ப முடியலயாம். உடனே கெளம்பச் சொன்னாங்க," என்றார்.

யாருக்கு என்று கேட்டேன்.

"அது சரியா விளங்கல சார். லைன்ல ஒரே எரைச்சல். போஸ்ட் மாஸ்டரக் கெளம்பச் சொல்லுங்கன்றது மட்டும்தான் கேட்டுது."

எந்த லைன் என்று கேட்டேன். அவர் ஆபீசில் ஒரு பழைய தொலைபேசி உண்டு, அது மலையின் மேற்குப் பக்கமாக இறங்கி ஆலங்காயம் ரேஞ்ச் ஆபீசுக்குப் போகிறது என்றார். காட்டுத் தீ, மரக் கடத்தல் இதற்கு மட்டும் பேசுவது. இத்தனை நாள் அரை மைலில் இருந்த அதைப் பற்றி எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆபீசைப் பூட்டிவிட்டு மேற்குப் பக்கமாக இறங்கினேன். ஃபாரஸ்டர் தன் வனக்காவலர் ஒருவரைப் பாதி வழி வரை துணைக்கு அனுப்பினார். அவர் திரும்பிய பிறகு தனியாக நடந்தேன். அப்பாதான் என்று மனசுக்குத் தெரியும். ஆனால் பெயர் சொல்லாமல் வந்த செய்தி என்பதால் நடக்க நடக்க மனசு மாற்றி மாற்றிப் போட்டது. அம்மாவாக இருக்குமோ, அக்காவின் சின்னக் குழந்தையாக இருக்குமோ என்று. அப்பாவாக இருக்கக் கூடாது என்பதற்காக வேறொருவரை நினைத்தேன் என்பது ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் போன பிறகு உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. மறுநாள் வாணியம்பாடி, வேலூர், ஆரணி என்று மாறி மாறி ஏறி, தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசல் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை.

அப்பா முந்தின நாள் விடியலிலேயே போய்விட்டார். ஃபாரஸ்டர் கோணியைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடி நடந்தபோதே அவர் இல்லை. மறுநாள் மத்தியானம் வரை எனக்காக வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்திருக்கிறார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். அக்காதான் கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

"ரெண்டு லைன் இருக்குதுன்னு எழுதினியேடா."

கம்பம் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குச் சொல்லும் பதிலா? மறுநாள் பால் தெளிக்கப் போனபோது நான் இருந்தேன். அதுவாவது கிடைத்தது என்று ஊரில் சொன்னார்கள்.

காரியம் முடிந்து மலைக்குத் திரும்பும் வழியில் போளூரில் இறங்கி எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அந்தக் குரலுக்கு நான் மனசில் ஒரு முகம் வைத்திருந்தேன், என் வயதுப் பெண்ணாக. உள்ளே காதில் கருவி மாட்டிக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு என் அம்மா வயது. நரை ஓடிய கொண்டை, மூக்குக் கண்ணாடி. நான் யார் என்று சொன்னதும் ஸ்டூலைக் காட்டினார். யாராவது கூப்பிட்டால் பலகையில் ஒரு சின்ன மூடி விழும், அவர் வயரைச் சொருகுவார், "நம்பர் சொல்லுங்க" என்பார். அந்த இடைவெளிகளில்தான் எங்கள் பேச்சு நடந்தது.

தந்தி அவர் கைக்கு வந்தபோது மலை லைன் இரண்டும் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. தபாலில் போட்டாலும் பஸ் இல்லை. மலையில் வேறு எங்கேயாவது ஒரு போன் இருக்காதா என்று தனக்குத் தெரிந்த எக்ஸ்சேஞ்சில் எல்லாம் கேட்டிருக்கிறார். வேலூரில் தெரியவில்லை. வேலூர் வழியாகத் திருப்பத்தூர், அங்கேயும் தெரியவில்லை. வாணியம்பாடியில் ஒருவர், வன இலாகாவுக்கு மலை வரை ஒரு லைன் உண்டு என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாராம். அங்கிருந்து ஆலங்காயம் தபாலாபீஸ். அங்கே ஒரு ஆளைப் பிடித்து ரேஞ்ச் ஆபீசுக்கு ஓடச் சொல்லி, அங்கிருந்து மலைக்கு. ஒன்றரை நாள் பிடித்தது. வழியில் ஒவ்வொரு வாயாக மாறும்போது 'அப்பா' என்ற சொல் எங்கோ உதிர்ந்துவிட்டது.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். மூடி விழுந்தது. சொருகிவிட்டுத் திரும்பினார்.

"நேரமாயிடும்னு தெரியும் சார். ஆனா ஒரு தந்திய கையில வெச்சிகினு சும்மா எப்படிக் குந்திகினு இருக்கறது?"

தினமும் எட்டு மணிக்கு வந்த பேச்சு நேரில் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

திரும்பி வந்ததும் மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். வன இலாகா லைனையும் எங்கள் லைனையும் மலை மேல் இணைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பேசலாம், நடுவில் அரை மைல் கம்பிதான் வேண்டும் என்று. இரண்டும் வேறு வேறு இலாகா, இணைக்க விதி இல்லை என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஃபாரஸ்டரிடம் போனேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். விதி இல்லாவிட்டால் போகிறது, கால் இருக்கிறது என்றார். என் லைன் போனால் நான் அவரிடம் நடப்பது, அவர் லைன் போனால் அவர் என்னிடம் நடப்பது, அவர் இல்லாதபோது அவர் ஆபீஸ் சாவி கூரையோரத்து எரவாணத்தில் செருகியிருக்கும், இவ்வளவுதான் ஏற்பாடு. கையெழுத்து எதுவும் கிடையாது. ஆனால் அதற்காகவே சாயங்காலங்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். டீ குடிப்போம், லைன் எப்படி என்று கேட்டுக்கொள்வோம், இருட்டுமுன் நான் திரும்பிவிடுவேன்.

ரிடையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், சென்னையில் எங்களுக்கு இன்டர்நெட் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள். ஒரு வழி அடைத்தால் செய்தி தானாக வேறு வழி பார்த்துப் போய்விடும், அதனால்தான் நிற்காமல் ஓடுகிறது என்றார் வகுப்பெடுத்த இளைஞர். பலகையில் இரண்டு ஊருக்கு நடுவே இரண்டு கோடு வரைந்தார். இந்த இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்திலா போகிறது என்று கேட்டேன். அவர் தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நல்ல பிள்ளை, மறுநாளே விசாரித்துச் சொன்னார். ஒரே பள்ளம்தான், பாலத்தடியில் ஒரே குழாய். ரோடு தோண்டுகிற ஒரு மண்வாரி இயந்திரம் போதும். படத்தில் எப்போதும் இரண்டு கோடுதான் தெரியும். தரையில் போய்ப் பார்த்தால்தான் கம்பம் தெரியும்.

மலையில் எங்கள் ஏற்பாட்டுக்கு வேலை வந்தது அப்பா போன அடுத்த வருடம், சாமை அறுப்பின்போது. மத்தியானம் ஒருவர் ஓடி வந்தார். மூன்று மைல் தள்ளி இருந்த ஊர்க்காரர், வருடத்துக்கு ஒரு முறை மணியார்டர் வாங்க வருவார்.

"பூச்சி கடிச்சிடுச்சிங்க ஐயா, வூட்டுக்காரிய," என்றார்.

பாம்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு தொலைபேசியையும் சுற்றினேன். முந்தின நாள் காற்றில் இரண்டும் போயிருந்தன. அவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஃபாரஸ்டர் காட்டுக்குள் போயிருந்தார். எரவாணத்தில் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். கைப்பிடியைச் சுற்றியபோது அது கையில் பாரமாக, சரியான பாரமாக, சுற்றியது. மூன்றாம் சுற்றில் ரேஞ்ச் ஆபீஸ் எடுத்தது. இந்த முறை எதுவும் உதிர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன், அங்கிருந்தவரைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டேன். பாம்புக்கடி. பெண். கடித்து ஒரு மணி நேரம். எதிரே ஜீப் வர வேண்டும்.

புருஷன் தன் ஊருக்கு ஓடி, நாலு பேராகக் கம்பளியில் அந்தப் பெண்ணைத் தூக்கி மேற்கு ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். ரேஞ்ச் ஜீப் பாதி வழியிலேயே எங்களுக்கு எதிரே வந்தது. ஏற்றினார்கள், புருஷனும் ஏறிக்கொண்டார். ஜீப் போன பிறகு தூக்கி வந்தவர்கள் அறுப்பு வேலைக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அப்பாவை நினைத்து அழ வந்தது அன்றுதான். ஊரில் வரவில்லை.

பத்து நாள் கழித்து இருவரும் என் ஆபீசுக்கு வந்தார்கள். அந்தப் பெண் வெளுத்திருந்தாள், ஒரு கால் இன்னும் வீங்கியிருந்தது. ஒரு படி சாமையை மேசையில் வைத்தார் புருஷன். தனக்காகப் பேசிய போனைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாளாம். அது இதுவல்ல என்று சொல்லி, ஆபீசைச் சாத்திவிட்டு அவர்களை அழைத்துக்கொண்டு போனேன். அவள் நொண்டிக்கொண்டே வந்தாள். ஃபாரஸ்டர் அன்று இருந்தார். ரேஞ்ச் ஆபீசைக் கூப்பிட்டு, குழாயை அவள் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ ஹலோ என்றிருக்க வேண்டும். அவள் கண் பெரிதாயிற்று. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் குழாயைப் புருஷனிடம் கொடுத்தாள்.

எந்த ஊர் வரைக்கும் இது போகும் என்று என்னிடம் கேட்டாள். ஆலங்காயம், அங்கிருந்து வாணியம்பாடி, வேலூர், சுற்றிக்கொண்டு போளூர் வரைக்கும் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு அவர்கள் சாமை வயல் வழியாகத் தங்கள் ஊருக்கு நடந்தார்கள், அவள் முன்னாலும் அவர் பின்னாலும். ஃபாரஸ்டர் டீ போடட்டுமா என்றார். போடுங்கள் என்றேன்.